'கடவுள் கொடுத்த உயிர்' என்ற வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

கேள்வி இதுதான்: "தீராத நோயில் கிடக்கும் ஒருவர், தெளிந்த மனதோடு, என் உயிரை முடித்து வையுங்கள் என்று மருத்துவரிடம் கேட்கிறார். எதிர்ப்பவர்கள் எல்லோரும் 'உயிர் கடவுள் கொடுத்தது, அவரே எடுக்கட்டும்' என்கிறார்கள். கடவுளை நம்பாதவருக்கு இந்தப் பதிலால் என்ன பயன்? மதம் மட்டும் குறுக்கே நிற்காவிட்டால் இந்த விவாதமே இருக்காதல்லவா?"

பாதி சரி, பாதி தவறு. 'கடவுள் கொடுத்தது' என்பது மதங்கள் வைத்திருக்கும் வாதங்களிலேயே பலவீனமானது. அதைத் தள்ளிவிட்டால் எதிர்ப்பு முழுவதும் சரிந்துவிடும் என்று நினைத்தால், அது தவறு. இன்னொன்றும் உண்டு. சாவுக்கு வழிவிடும் விஷயத்தில் மதங்கள் நாம் நினைப்பதைவிட மிகவும் தளர்வானவை. மத நூல்கள் கேட்காததை எல்லாம் மதத்தின் பெயரால் குடும்பங்கள் நோயாளியின் மேல் சுமத்துவதை நிறையவே பார்க்க முடிகிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இதை 'யூதனேசியா' என்பார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு 'நல்ல சாவு' என்று பொருள். தமிழில் நாம் அதைக் 'கருணைக்கொலை' ஆக்கிவிட்டோம். 'நல்ல சாவு' என்பது நம் வாயில் எப்போதும் புழங்கும் தொடர்தான். ஆனாலும் சட்டமும் செய்தியும் பேசும்போது 'கொலை' வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்ட பிறகு விவாதம் நேர்மையாக நடப்பது கடினம். அதோடு இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு காரியங்கள் கிடக்கின்றன. நோயாளி கேட்டதால் மருத்துவரே மருந்து செலுத்தி உயிரை முடிப்பது ஒன்று. மருத்துவர் மருந்தை எழுதித் தர, நோயாளி தானே எடுத்துக்கொள்வது இன்னொன்று. வென்டிலேட்டர் போன்ற சிகிச்சையை நிறுத்தி, நோய் தன் வழியில் முடியட்டும் என்று விடுவது மூன்றாவது. நெதர்லாந்து 2002-இலிருந்து முதல் இரண்டையும் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1997 முதல் இரண்டாவதை மட்டும் அனுமதிக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது மூன்றாவதை மட்டுமே. மதங்களும் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

சரி, 'கொடுத்தவர்தான் எடுக்க வேண்டும்' என்ற வாதத்துக்கு வருவோம். இது பைபிளுக்கும் குர்ஆனுக்கும் மட்டும் உரியதல்ல. பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் இதையே சொல்கிறார்: நாம் தெய்வங்களின் உடைமை, உன் உடைமையான ஓர் உயிர் உன்னைக் கேட்காமல் தன்னை அழித்துக்கொண்டால் உனக்குக் கோபம் வராதா? இதைச் சொன்ன அன்றே அவர் விஷக் கோப்பையை வாங்கிக் குடித்தார் என்பது வேறு விஷயம். தெய்வம் அனுப்பிய கட்டாயம் என்று அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

இந்த வாதத்தின் மேல் விழுந்த பலமான அடி ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூமுடையது. தற்கொலை பற்றிய அவருடைய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1777-இல்தான் வெளியானது. அவர் கேட்டதன் சாரம் இது: உயிரின் கால அளவு முழுக்கக் கடவுளின் பொறுப்பு, மனிதன் அதில் தலையிடுவதே குற்றம் என்றால், உயிரைக் குறைப்பது மட்டுமா குற்றம், நீட்டிப்பதும் குற்றம்தானே? தலையில் விழ வரும் கல்லை விட்டு விலகுவதுகூடக் கடவுளின் திட்டத்தைக் கெடுப்பதாகுமே? இன்றைய நிலைமைக்கு இதைக் கொண்டுவந்தால் இன்னும் கூர்மையாகிறது. டயாலிசிஸும் வென்டிலேட்டரும் இல்லாதிருந்தால் எத்தனையோ பேரைக் கடவுள் முன்பே அழைத்திருப்பார். அப்போது தலையிட்ட நாம், இப்போது மட்டும் 'அவர் விருப்பம்' என்று கையைக் கட்டிக்கொள்வது எப்படி?

நம்பிக்கையாளர்களிடம் இதற்குப் பதில் உண்டு. உயிர் நம் சொத்து அல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்; இஸ்லாத்தில் அதை 'அமானத்' என்பார்கள். ஒப்படைக்கப்பட்டதைப் பேணுவது கடமை, அழிப்பது துரோகம். ஆகவே சிகிச்சையும் தற்கொலையும் ஒன்றல்ல. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒப்படைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று ஏற்காதவரிடம் இது எடுபடாது. எனவே உங்கள் கேள்வியின் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன்: இந்த ஒரு வாதத்தை வைத்து நம்பாதவர்களுக்கும் சேர்த்துச் சட்டம் எழுத முடியாது.

ஆனால் 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் தற்கொலைக்கு எதிராக எழுதிய இடத்தைப் பாருங்கள். அவர் மூன்று காரணங்கள் தருகிறார். தன்னை நேசிப்பது எந்த உயிருக்கும் இயல்பு. இது அதற்கு எதிரானது. ஒவ்வொருவரும் சமூகத்தின் பகுதி. தன்னை அழிப்பவர் சமூகத்துக்குத் தீங்கு செய்கிறார். கடவுளின் கொடை என்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. இரண்டாவது காரணத்தை அவர் அரிஸ்டாட்டிலிடமிருந்து எடுத்தார். அதற்குக் கடவுள் தேவையே இல்லை. அந்த இரண்டாவது காரணத்துக்குப் பிறகு வருகிறேன். இன்றைய சண்டை உண்மையில் அங்கேதான் நடக்கிறது.

அதற்கு முன் ஒரு கதை. பைபிளில் சவுல் அரசன் போரில் படுகாயம் அடைகிறான். ஆயுதம் தாங்குபவனிடம் தன்னைக் குத்தும்படி கேட்கிறான், அவன் பயந்து மறுக்கிறான், சவுல் தன் வாள் மேலேயே விழுகிறான். அடுத்த நூலில் அமலேக்கு இனத்தைச் சேர்ந்த ஒருவன், சவுலுக்குப் பிறகு அரசனாகும் தாவீதிடம் வந்து வேறொரு கதை சொல்கிறான்: அரசன் வேதனையில் துடித்தான், தன்னைக் கொல்லும்படி என்னிடம் கேட்டான், இனிப் பிழைக்க மாட்டான் என்று தெரிந்ததால் கொன்றேன். கவனியுங்கள், இன்றைய சட்டங்கள் கேட்கும் மூன்றும் இதில் இருக்கின்றன: கோரிக்கை, தாங்க முடியாத வேதனை, மீள முடியாத நிலை. தாவீது அவனுக்கு மரண தண்டனை கொடுக்கிறான். கருணைக்கொலை கூடாது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் தாவீது சொல்லும் காரணம் 'உயிர் புனிதமானது' என்பதல்ல. ஆண்டவர் அபிஷேகம் செய்த அரசன் மேல் கைவைத்தாயே என்பதுதான். அதே வரிகளை எதிர்ப்பவர்களும் காட்டலாம், ஆதரிப்பவர்களும் காட்டலாம். மத நூல்களை மேற்கோள் காட்டி இந்த வழக்கை முடித்துவிடலாம் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

யூத மரபு இந்த விஷயத்தில் மிகச் செழிப்பானது. ரோமானியர் காலத்தில் ஹனினா பென் தெராதியோன் என்ற ரபியை (யூத மத அறிஞரை) அவர்களுடைய வேதமான தோராவின் சுருளில் சுற்றி எரித்தார்கள். சீக்கிரம் சாகக்கூடாதென்று நெஞ்சின் மேல் ஈரக் கம்பளியை வைத்தார்கள். 'வாயைத் திறந்து நெருப்பை உள்ளே விடுங்கள், சீக்கிரம் முடியும்' என்றார்கள் சீடர்கள். 'கொடுத்தவரே எடுக்கட்டும், நான் எனக்குத் தீங்கு செய்யக்கூடாது' என்று மறுத்தார். பிறகு தண்டனை நிறைவேற்றுபவனே கேட்டான்: நெருப்பை அதிகமாக்கி, கம்பளியையும் எடுத்துவிட்டால் மறு உலகில் எனக்கு இடம் வாங்கித் தருவீர்களா? ரபி சம்மதித்தார். அவன் அப்படியே செய்தான், பிறகு தானும் தீயில் குதித்தான். இருவருக்கும் மறு உலகில் இடம் உண்டு என்று வானிலிருந்து குரல் வந்ததாக யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. தானே செய்யக்கூடாது, ஆனால் சாவைத் தடுத்து வைத்திருக்கும் பொருளை இன்னொருவர் எடுக்கலாம். பிற்காலத்தில் இதைச் சட்டமாக்கியவர்கள் விசித்திரமான எடுத்துக்காட்டுகளைத் தந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மோசே இசர்லெஸ் என்ற ரபி எழுதினார்: வெளியே விறகு வெட்டும் சத்தம் உயிரைப் போகவிடாமல் பிடித்து வைத்தால் அந்தச் சத்தத்தை நிறுத்தலாம், நாக்கின் மேல் உள்ள உப்பு பிடித்து வைத்தால் அதை எடுக்கலாம், ஆனால் தலைக்குக் கீழே இருக்கும் தலையணையை உருவக்கூடாது.

அப்படியானால் வென்டிலேட்டர் எது? நாக்கின் மேல் இருக்கும் உப்பா, தலைக்குக் கீழே இருக்கும் தலையணையா? இஸ்ரேல் 2005-இல் சாகும் நிலையில் உள்ள நோயாளிகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தபோது இதே கேள்வி எழுந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியை நிறுத்துவது கூடாது. விட்டு விட்டுக் கொடுக்கும் சிகிச்சையை மறுபடி தொடங்காமல் இருக்கலாம் என்று பிரித்தார்கள். அப்புறம் வென்டிலேட்டரில் ஒரு டைமர் பொருத்த வழி செய்தார்கள். நேரம் முடிந்ததும் அது தானாக நிற்கும். மறுபடி ஓட விடலாமா வேண்டாமா என்பது அப்போது புதிய முடிவு. வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். தன் நோயாளியின் கருவியைத் தன் கையால் நிறுத்திய மருத்துவருக்குச் சிரிப்பு வராது என்று நினைக்கிறேன். செய்வதற்கும் விடுவதற்கும் நடுவே வேறுபாடே இல்லை என்று 1975-இல் தத்துவவாதி ஜேம்ஸ் ரேச்சல்ஸ் வாதிட்டார். தர்க்கத்தில் அவரை மடக்குவது கடினம். ஆனால் அந்த வேறுபாட்டை மனித மனம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, மதங்களும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கத்தோலிக்கத் திருச்சபைதான் இதில் மிகக் கண்டிப்பானது என்ற பெயர் வாங்கியது. உயிரை முடிக்கும் செயலைப் பொறுத்தவரை அது உண்மை. 1980-இல் வந்த வத்திக்கான் அறிக்கையும் 2020-இல் வந்த ஆவணமும் அதில் எள்ளளவும் அசையவில்லை. ஆனால் அதே திருச்சபையின் தலைவர் 12ஆம் பயஸ், 1957-இலேயே மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசும்போது, சாதாரண சிகிச்சை மட்டுமே கடமை, நோயாளிக்கும் மற்றவர்களுக்கும் பெரும் சுமையாகும் அசாதாரண சிகிச்சை கடமை அல்ல என்று சொன்னார். வலிக்கு மருந்து கொடுக்கும்போது, நோக்கம் வலியைத் தணிப்பதாக இருந்தால், ஆயுள் சற்றுக் குறைந்தாலும் தவறில்லை என்பதும் அதே ஆண்டு அவர் சொன்னதுதான். (மார்ஃபினைச் சரியான அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை என்பதுதான் வலி தணிப்பு மருத்துவர்களின் அனுபவம். பயம்தான் மருந்தைவிடப் பெரியது.) இன்று அந்த வட்டத்துக்குள் நடக்கும் சண்டை குழாய் வழி உணவு பற்றியது: அது சிகிச்சையா, சோறு ஊட்டுவது போன்ற அடிப்படைப் பராமரிப்பா? 2004-இல் இரண்டாம் ஜான் பால் அது பராமரிப்புதான் என்றார். எல்லாக் கத்தோலிக்க அறிஞர்களும் அதை ரசிக்கவில்லை.

இஸ்லாத்தில் தடை தெளிவானது. 'உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள்' என்ற குர்ஆன் வசனமும், காயத்தின் வேதனை தாங்காமல் தன்னை மாய்த்துக்கொண்டவர் பற்றிய ஹதீஸும் (நபிமொழியும்) எப்போதும் காட்டப்படும். ஆனால் இன்னொரு ஹதீஸ் எனக்கு முக்கியமாகப் படுகிறது. துன்பம் வந்ததற்காக மரணத்தை விரும்பாதீர்கள். அப்படிக் கேட்டே ஆக வேண்டுமென்றால், 'வாழ்வது எனக்கு நல்லதாக இருக்கும்வரை வாழவை, மரணம் நல்லதாக இருக்கும்போது எடுத்துக்கொள்' என்று கேளுங்கள். கேட்பது தடுக்கப்படவில்லை; நேரத்தைத் தீர்மானிப்பதுதான் தடுக்கப்படுகிறது.

சமணமும் பௌத்தமும் இந்த விவாதத்தில் வேறொரு கோணத்தைத் திறக்கின்றன; அங்கே உயிரைக் கொடுத்த கடவுள் என்று ஒருவரே இல்லை. உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர் விடும் சல்லேகனையைச் சமணம் உயர்வாகப் போற்றுகிறது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைத் தற்கொலை என்று தடை செய்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆதரிப்பவர்கள் உடனே, 'பாருங்கள், ஒரு மதம் தன்விருப்பச் சாவை அனுமதிக்கிறது' என்பார்கள். அவசரப்படக் கூடாது. சமணர்களின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனைக்கு உரிய குற்றங்களை எண்ணும்போது, இன்னும் வாழ வேண்டும் என்ற ஆசையோடு, சீக்கிரம் சாக வேண்டும் என்ற ஆசையையும் சேர்த்தே சொல்கிறது. 'இந்த வேதனையிலிருந்து விடுதலை கொடுங்கள்' என்று கேட்டுத் தொடங்கினால் அந்த நோன்பே பழுதாகிவிடும். சமணம் பார்ப்பது உயிர் போகிறதா என்பதை அல்ல, எதை விரும்பிப் போகிறது என்பதை.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளில், மனித உயிரைப் பறித்தால் சங்கத்திலிருந்தே நீக்கம். அங்கே ஒரு குறிப்பிட்ட வழக்கு வருகிறது: நோயுற்ற துறவி ஒருவரிடம், இரக்கப்பட்டு, சாவு நல்லது என்று சக துறவிகள் புகழ்ந்து பேசினார்கள். அவர் இறந்தார். பேசியவர்கள் நீக்கப்பட்டார்கள். நோக்கம் இரக்கம்தான், யாரும் கை வைக்கவும் இல்லை. சொன்ன சொல்லே குற்றமானது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்து மரபில் ஒரே குரல் இல்லை. விரும்பிய நேரத்தில் இறக்கும் வரம் பெற்ற பீஷ்மரை அடிக்கடி சொல்வார்கள். அம்புப் படுக்கையில் அவர் அந்த வரத்தைச் சாவைத் தள்ளிப்போடத்தான் பயன்படுத்தினார் என்பதை யாரும் சொல்வதில்லை. கர்ம வாதத்தை, அதாவது அனுபவிக்க வேண்டியதை அனுபவித்தே தீர வேண்டும் என்பதை, ஹியூமின் கேள்வி அப்படியே தாக்கும்: அப்படியானால் வலி மாத்திரை மட்டும் எதற்கு?

நம்பிக்கையாளர்கள் எல்லாம் ஒரு பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் கியூங், கடவுள் தந்த உயிரோடு அதற்கான பொறுப்பையும் மனிதனிடமே தந்தார் என்று வாதிட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பதவியான கேன்டர்பரியின் முன்னாள் பேராயர் ஜார்ஜ் கேரி, பல ஆண்டுகள் எதிர்த்துவிட்டு, 2014-இல் மனம் மாறினார். 2016-இல் தன் 85ஆவது பிறந்தநாளில் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, தனக்கும் அந்த வாய்ப்பு இருக்க வேண்டும் என்று எழுதினார். 'கொடை' என்ற அதே சொல்லிலிருந்துதான் இவர்களும் தொடங்குகிறார்கள். கொடுத்த பொருளை எப்போதும் திரும்ப வாங்கத் தயாராக வைத்திருப்பவர் கொடுத்தது கொடையா, கடனா என்பது இவர்கள் பக்கத்தின் கேள்வி.

இனி அக்வினாஸின் இரண்டாவது காரணம். ஓரிகனில் இந்த மருந்தைக் கேட்டவர்கள் சொல்லும் காரணங்களை ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். முதலில் இருப்பது வலி என்று எல்லோரும் எதிர்பார்ப்போம். இல்லை. பத்தில் ஒன்பது பேர் அளவில் சொல்வது, தன் வாழ்வு தன் கையில் இல்லாமல் போவது. வலியையோ வலி வரும் என்ற பயத்தையோ சொல்பவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். குடும்பத்துக்குப் பாரமாகிறேன் என்று சொல்பவர்கள் அதைவிட அதிகம், பத்தில் நான்கைந்து பேர். கடவுளை நம்பாதவரும் நின்று பதில் சொல்ல வேண்டிய இடம் இது. 'பாரமாகிவிட்டேன்' என்பது நோயாளி தானாகக் கண்டுபிடித்ததா, சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதா? கையெழுத்துத் தெளிவாக இருக்கும். இரண்டு மருத்துவர்கள் மனத்தெளிவைச் சோதித்திருப்பார்கள். ஆனாலும், சாவைப் புகழ்ந்து பேசிய அந்தத் துறவிகளைப்போல, யாரும் கை வைக்காமலே ஒருவரை அந்தப் பக்கம் நகர்த்திவிட முடியும். நவீன நோய்த்தணிப்பு இல்லங்களின் தொடக்கம் என்று சொல்லப்படும் மருத்துவமனையை 1967-இல் லண்டனில் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், ஆழ்ந்த கிறிஸ்தவர், கருணைக்கொலையைக் கடைசிவரை எதிர்த்தார். அவர் வலியை உடலில் மட்டும் தேடவில்லை. மனமும் உறவும் நம்பிக்கையும் சேர்ந்த 'முழு வலி' என்றார். பத்தில் ஒன்பது பேர் சொல்லும் காரணம் மார்ஃபினால் தீராது என்பதை அவர் முன்பே கண்டிருந்தார்.

இதற்கு ஆதரிப்பவர்களிடம் ஒரு நியாயமான பதில் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. பிறர் முகத்தைப் பார்த்து எடுக்கப்படாத முடிவு என்று மனித வாழ்க்கையில் எது இருக்கிறது? கல்யாணமும் வேலையும் அப்படித்தான். அவற்றில் ஒருவரின் சொல்லை நம்பும் நாம், சாவில் மட்டும் 'நீ உண்மையாகச் சொல்லவில்லை' என்பது அவரைச் சிறுபிள்ளை ஆக்குவதுதானே? இதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

என் நிலையைக் கேட்டால்: மதக் காரணம் ஒன்றை மட்டும் வைத்து, அந்த மதத்தைச் சேராதவரைச் சட்டம் தடுக்கக்கூடாது. பாரம் என்ற கவலைக்குச் சட்டம் பதில் வைத்திருக்க வேண்டும். நல்ல வலி தணிப்புச் சிகிச்சை எல்லோருக்கும் எட்டாத இடத்தில் சாகும் உரிமையை மட்டும் முதலில் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. மூன்றாவது வகையில், அதாவது பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதில், எனக்குத் தயக்கமே இல்லை. 'நம் மதத்தில் இதற்கு இடமில்லை' என்று ஐ.சி.யூ. வாசலில் நின்று சொல்லும் மகனோ மகளோ, தன் மத குருவிடம் ஒருமுறை நேராகக் கேட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் அவர் 'விடுங்கள்' என்பார்.

ஓரிகன் கணக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் அதைக் குடிப்பதே இல்லை, நோயிலேயே இறந்துபோகிறார்கள். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற தைரியமே அவர்களை இயற்கையான முடிவுவரை கொண்டுசேர்த்தது என்பார்கள் ஆதரிப்பவர்கள். அவர்கள் கேட்டது சாவை அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்பார்கள் எதிர்ப்பவர்கள். எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது.